விலை கூடிய பெற்றோல் மருந்தாகாது

கல்முனைப் பிரதான வீதியில் உள்ள எந்தப் பெற்றோல் செட்டின் ஓரத்திலும் காலை வேளையிலே சிறிது நேரம் நின்று பார்க்கிறவர், பின்னிருக்கையில் மீன் பெட்டியைக் கட்டிய வியாபாரியும், மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன் கட்டுகளைச் சுமந்து போகிறவரும், சம்மாந்துறை வயலுக்கு உரம் ஏற்றிச் செல்லும் விவசாயியும், பிள்ளைகளை முன்னும் பின்னும் இருத்திப் பாடசாலைக்கு விரையும் வாப்பாவுமாக, இந்தக் கரையோர மக்களின் ஜீவனம் இரண்டு சக்கரங்களின் மேலே ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பார். அந்த வரிசையிலே, எஞ்சின் விட்டு விட்டு நடுங்குகிற ஒரு பழைய பைக்கின் சொந்தக்காரர் பம்படியில் நிற்கும் இளைஞனிடம், "95 அடிங்க தம்பி, கொஞ்ச நாளா இது மிஸ்ஸாகுது" என்று சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வைத்தியர் எழுதிக் கொடுத்த ஔஷதத்தை வாங்குகிற நம்பிக்கை அந்தக் குரலிலே இருக்கும். உழைத்த காசை அந்த நம்பிக்கையின் பேரிலே எண்ணிக் கொடுக்கும்போது, அது வீணாகிறதே என்ற வேதனை எனக்கு உண்டாகும்.

92, 95 என்று நாம் கேட்டு வாங்கும் ஒக்டேன் என்னும் இலக்கத்தைப் பெற்றோலின் பலம் என்று சிலரும், சுத்தம் என்று வேறு சிலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சிலிண்டருக்குள்ளே காற்றும் பெற்றோலும் கலந்த ஆவியைப் பிஸ்டன் நெருக்குகிறபோது, பிளக்கின் பொறி மூட்டிய தீ ஒழுங்காகப் பரவி முடிவதற்குள், அந்த ஆவியின் ஒரு பகுதி தன்பாட்டில் வெடித்துவிடுமானால், சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை பிறக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் 'நொக்' என்கிறார்கள். அவ்விதம் அகாலத்திலே பற்றிக்கொள்ளாமல் பெற்றோல் எவ்வளவு பொறுத்து நிற்கும் என்பதன் அளவே ஒக்டேன். 1920களில் அமெரிக்காவிலே இந்த அளவுகோலை வகுத்தவர்கள், பொறுமை மிகுந்த ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், பொறுமை சிறிதுமற்ற ஹெப்டேனுக்கு 0 என்றும் இலக்கமிட்டார்கள். நாம் 92 என்று கேட்டு வாங்குவது, பரிசோதனை எஞ்சினிலே, முன்னதில் 92 பங்கும் பின்னதில் 8 பங்கும் சேர்ந்த கலவையைப் போல நடந்துகொள்ளும் பெற்றோல். இந்த இலக்கத்தை உயர்த்துவதற்காகவே பல தசாப்தங்களாக உலகமெங்கும் பெற்றோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள் என்பதையும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்த நஞ்சை இலங்கை 2002இலும், எல்லாருக்கும் கடைசியாக அல்ஜீரியா 2021இலும் கைவிட்டன என்பதையும் நினைத்துப் பார்த்தால், பெரிய இலக்கம் நல்ல பெற்றோலுக்கு அத்தாட்சி அல்ல என்பது விளங்கும்.

பிஸ்டனின் நெருக்கம் அதிகமான எஞ்சினுக்கே பொறுமை அதிகமான பெற்றோல் வேண்டும். நம் ஒழுங்கைகளில் ஓடுகிற 100 சீசீ பைக்குகளின் நெருக்க விகிதம் பெரும்பாலும் 9-க்கும் 10-க்கும் இடைப்பட்டது. அவற்றுக்கு 92 தாராளமாகப் போதும். அதற்கு மேலான பொறுமையை அந்த எஞ்சின் கேட்பதுமில்லை, ஊற்றினால் உபயோகிப்பதுமில்லை. 95 ஒக்டேன் பெற்றோல் இங்கே யூரோ 4 தரத்தில் விற்கப்படுவதால் கந்தகம் குறைவு, அது ஊரின் காற்றுக்கு நல்லது என்று ஒருவர் வாதித்தால் நான் மறுக்கமாட்டேன். பெரிய, நெருக்கம் கூடிய பைக்கை வைத்திருப்பவர் அதன் கைநூலிலே 95 என்று இருந்தால் 95 ஊற்றத்தான் வேண்டும். ஆனால் மிஸ்ஸாகிற பைக்குக்கு அது பரிகாரமாகாது. பொறி சரியாக விழாமலோ, காற்று சரியாகப் புகாமலோ, பெற்றோல் சரியாக இறங்காமலோ தவிக்கிற எஞ்சினுக்கு ஒக்டேனை ஏற்றுவது, தொண்டையில் முள் சிக்கியவனுக்குப் பிரியாணி பரிமாறுவது போன்றது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். அக்கரைப்பற்றுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வந்த காலத்திலே, வீட்டு வாசலில் முதல் உதையிலேயே உயிர் பெறுகிற என் பைக், சாய்ந்தமருது வரை ஒரு குறையுமில்லாமல் ஓடி, காரைதீவு தாண்டும்போது திணறத் தொடங்கி, நிந்தவூருக்குள் நுழையும் முன்னரே நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரத்தில் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடவாததுபோல மீண்டும் புறப்படும். ஒரு கராஜில் பிளக்கை மாற்றினார்கள். இன்னொரு கராஜில் கொயிலை மாற்றினார்கள். மூன்றாவது இடத்திலே காபரேட்டரைக் கழற்றிக் கழுவிவிட்டு, இனிமேல் 95 அடியுங்கள் என்றார்கள். நான் அடித்தேன். நின்ற இடத்திலேயே நின்றது.

நாலாவது வாரத்தில் ஒரு நாள், அது நின்ற இடத்துக்கு அருகிலே, ஒரு வேப்பமர நிழலில் சிறிய கராஜ் வைத்திருந்த வயோதிகர் ஒருவர் என்னைப் பார்த்துத் தாமாகவே எழுந்து வந்தார். அவர் எந்தச் சாவியையும் கையில் எடுக்கவில்லை. "எவ்வளவு தூரம் ஓடினாப் பொறகு நிக்கிது? நிக்கக்குள்ள சடாரெண்டு நிக்கிதா, துடிச்சித் துடிச்சி நிக்கிதா? தேங்க் நெறஞ்சிருந்தாலும் இப்பிடித்தானா?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். என் பதில்களைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "மூடியத் தொறங்க தம்பி" என்றார். சாவியைத் திருகி மூடியைத் தூக்கினேன். மூச்சடக்கி நின்ற ஒருவன் காற்றை உள்ளிழுப்பதுபோலத் தாங்கி 'ஸ்ஸ்' என்று சத்தமிட்டது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். உடனே எடுத்தது.

பெற்றோல் கீழே இறங்க இறங்க அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென்று மூடியிலே ஊசி நுழையும் அளவில் ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். கடற்காற்றில் பூத்த துருவும் புழுதியும் சேர்ந்து என் மூடியின் துவாரத்தை அடைத்திருந்தன. காற்று புகாத தாங்கியிலிருந்து பெற்றோல் சொட்டுச் சொட்டாகக் குறைந்து, கடைசியில் காபரேட்டர் வறண்டுபோயிருக்கிறது; நின்றிருந்த பத்து நிமிஷத்திலே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போக, அது மீண்டும் நிறைந்திருக்கிறது. அந்த மனிதர் மூடியைப் பெற்றோலில் அலசி, மெல்லிய செப்புக் கம்பியால் துவாரத்தைத் திறந்து, வாயால் ஊதிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டது ஒரு தேநீருக்கான காசு. பொருளை மாற்றுவதற்கு முன் கேள்வி கேட்பதே மெக்கானிக்கின் முதல் ஆயுதம் என்று அன்றைக்கு நான் கற்றேன்.

ஆகையால் எஞ்சின் முரண்டு பிடிக்கும்போது செலவில்லாத பரிசோதனையிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அது பேசத் தெரிந்த சாட்சி. அதன் முனை பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் எரிதல் ஒழுங்காக நடக்கிறது. அடுப்புக்கரியைப் போல உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெற்றோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே நம் ஊர்ப் புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிடுவதால், பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும். பிளக் எண்ணெய்ப் பசையோடு நனைந்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம். வெளுத்திருந்தால் பெற்றோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுகிறது. முனைகளுக்கு இடையிலான இடைவெளி, கைநூல் சொல்லும்படி, சாதாரணமாக 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். உப்புக்காற்று பிளக் தொப்பிக்குள்ளே பூக்கவைக்கும் பச்சைக் களிம்பைச் சுரண்டியதாலேயே குணமான பைக்குகள் உண்டு. இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால்தான் காபரேட்டரைத் திறக்கவேண்டும்; திறந்தாலும், அதன் பித்தளை ஜெட்டின் துவாரத்தை இரும்புக் கம்பியால் குத்துகிறவர்களிடம் பைக்கைக் கொடுக்கக்கூடாது. அந்தத் துவாரம் மயிரளவு பெருத்தாலும் பிறகு எந்தப் பெற்றோலும் அதைச் சீராக்காது. காற்றடித்தே அடைப்பை நீக்கவேண்டும்.

மாரி மழைக் காலத்திலே மூடி வழியாகவும், பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிர்ச்சியாலும் தண்ணீர் சேருவது இந்தக் கரையில் சாதாரணம். காபரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, இறங்குவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பெற்றோலிலும் கனமான தண்ணீர் அடியிலே முத்து முத்தாக உருண்டு நிற்பது தெரியும். தண்ணீரோடு துருத்தூளும் தெரியுமானால் தாங்கியையே கழுவவேண்டும்.

பெற்றோலைப் பற்றி நாம் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்: அது கலப்படமில்லாததா, புதியதா, நீர் சேராததா என்பது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் மறந்திருக்க முடியாது. ஜனவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92, ஜூன் மாத இறுதியிலே 470 ரூபாவாயிற்று. 95 ஒக்டேனுக்கு 550 கொடுக்கவேண்டியிருந்தது. ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கு பெறும் முறை வந்தபோது ஒரு பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று வகுத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி வரை அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. அந்த நெருக்கடியிலே நாம் பிளாஸ்ரிக் கான்களிலும் சோடாப் போத்தல்களிலும் மாதக்கணக்காகப் பெற்றோலைச் சேமித்து வைத்தோம். இலேசான பகுதி ஆவியாகிப் போக, மீந்தது பிசினாக மாறிக் காபரேட்டரை அடைத்தது. அதைவிடக் கொடியது மண்ணெண்ணெய்க் கலப்படம். 2022 ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவுக்கு விற்றது, பெற்றோலோ அந்த ஆகஸ்டிலே 450 ரூபா. மீனவரின் தோணி எஞ்சினுக்கும் ஏழை வீட்டு விளக்குக்கும் என்று குறைந்த விலையிலே கொடுக்கப்பட்ட பொருள், அந்த இடைவெளியின் ஆசையால் போத்தல் பெற்றோலுக்குள் புகுவதற்கு வழி ஏற்பட்டது. 87 ரூபாவை 340 ஆக உயர்த்திய பிறகு அந்த ஆசை குறைந்தது. தோணிக்காரர்தான் சுமையைத் தாங்கினார். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் எளிதில் ஆவியாகாது, காலையில் எஞ்சின் எடுக்காது, ஏறும்போது நொக் அடிக்கும், பிளக் கறுக்கும், எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போகும். இத்தகைய பெற்றோல் பட்டு நோயுற்ற பைக்குக்குத்தான் பலர் 95 ஊற்றிக் குணம் தேடினார்கள்.

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்கிறவர்களைப் பற்றித் திருக்குர்ஆனிலே, முதஃப்பிபீன் என்ற பெயரில், 83ஆம் அத்தியாயமாக ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கிற நம்முடைய ஊர்களில் பெற்றோலில் கலப்படம் செய்வதும், அதை அறிந்தும் விற்பதும் வெறும் வியாபாரத் தந்திரம் என்று பேசி மறக்கத்தக்க குற்றங்களல்ல. ஜும்ஆப் பிரசங்கங்களிலே அரிசிக்கும் இறைச்சிக்கும் சொல்லப்படுவது எரிபொருளுக்கும் சொல்லப்படவேண்டும்.

புது பைக் அரிதாகிப்போன வருஷங்களை நாம் கடந்து வந்திருக்கிறோம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகும் விலை உழைப்பாளியின் கைக்கு எட்டுவதாயில்லை. பத்தும் பதினைந்தும் வயதான எஞ்சின்களே இன்னும் இந்தக் குடும்பங்களைச் சுமக்கின்றன. ஆகவே அவற்றின் ஆயுளைக் காப்பது சில்லறை விஷயமல்ல; அதற்குச் சுத்தமான பெற்றோல் கிடைக்கவேண்டும். இந்தியாவிலே வாடிக்கையாளர் கேட்டால் பெற்றோல் நிலையத்தார் கலப்படத்தைச் சோதிக்க வடிதாள் கொடுப்பதும், முத்திரையிட்ட 5 லீற்றர் கலத்தில் அளந்து காட்டுவதும் கடமை என்று வைத்திருக்கிறார்கள். கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள ஒவ்வொரு செட்டிலும் அந்த இரண்டும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க ஏற்பாடு செய்யுமாறு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தையும், ஏனைய விநியோக நிறுவனங்களையும், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையையும் வேண்டுகிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பைக் மிஸ்ஸாகும்போது 95-க்கு மேலதிகமாகக் கொடுக்க நினைக்கிற காசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, முதலில் தாங்கியின் மூடியைத் திறந்து காது கொடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெற்றோலிலே சந்தேகம் இருந்தால் ஒரு துளியை வடிதாளில் விட்டு இரண்டு நிமிஷம் பொறுங்கள். சுத்தமான பெற்றோல் கறையில்லாமல் பறந்துவிடும், மண்ணெண்ணெய் பசைக் கறையை விட்டுச் செல்லும். கறை தெரிந்தால் வாங்கிய இடத்தையும் நேரத்தையும் குறித்து, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு முறையிடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.