காசுக்காரரின் கோச்சி

என் மனைவியின் தம்பி சூரிச் நகரின் புறத்தே ஒரு மாடிக் குடியிருப்பில் வாழ்கிறார். 1990 ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில் நாட்டைவிட்டுப் போனவர். உணவகமொன்றில் கோப்பை கழுவுவதில் தொடங்கி, இன்று அதே சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கிறார். வானம் தெளிந்த நாட்களில் அவருடைய பல்கனியில் நின்றால் தெற்கே பனி மூடிய மலைத்தொடர் தெரியும். வருகின்ற தை மாதம் நான் அங்கு வரும்போது இருவருமாக மூன்று நாட்கள் அந்த மலைகளினூடே புகையிரதத்தில் போய் வருவோம் என்று அண்மையில் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "அத்தான், அது காசுக்காரற்றை கோச்சியெல்லோ" என்றார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மலையின் அடிவாரத்தில் உழைத்த மனிதர் அந்த மலையைத் தமக்குரியதல்ல என்று எண்ணுகிறார். அவரில் பிழை காண முடியாது. அல்ப்ஸ் புகையிரதம் என்று சொன்னதும் விளம்பரங்கள் நம் முன் வைப்பது இரண்டு பெயர்களைத்தான்: கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ். கூரைவரை கண்ணாடி போட்ட பெட்டிகள், வெள்ளைத் துணி விரித்த மேசைகள். சேர்மாற்றிலிருந்து சென் மொரிட்ஸ் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பில் முழுத்தூரம் போவதற்கு, கட்டாய ஆசனப் பதிவையும் சேர்த்து, 2024 இல் ஒருவருக்கு இருநூறு பிராங் அளவில் முடிந்தது. இருவருக்கு நானூறு. அதுவும் ஒரு வழிக்கு.

ஆனால் அந்தப் பெயர்களுக்குள் இருக்கும் ஒரு விடயத்தை விளம்பரங்கள் உரத்துச் சொல்வதில்லை. அந்த வண்டிகள் ஓடும் அதே தண்டவாளத்தில் ஊர்ச்சனம் ஏறி இறங்கும் சாதாரண வண்டிகளும் நாள் முழுவதும் ஓடுகின்றன. பாதை ஒன்று, பாலம் ஒன்று, பனியும் ஒன்றுதான். ஆசனப் பதிவு தேவையில்லை. கண்ணாடிக் கூரைப் பெட்டிகளில் சாளரத்தைத் திறக்க முடியாது. சாதாரண வண்டியின் சில பெட்டிகளில் அதை இறக்கிவிடலாம். படம் பிடிப்பவர்களுக்குக் கண்ணாடியில் தங்கள் முகமே தெறிக்கும் தொல்லையும் அங்கில்லை.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது 1930 இல் தொடங்கியபோது கோடையில் மட்டுமே ஓடியது. பூர்க்கா கணவாய் குளிர்காலத்தில் பனியால் மூடப்பட்டுவிடும். 1982 இல் கணவாயின் அடியில் பதினைந்து கிலோமீற்றர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்ட பின்னரே குளிர்கால ஓட்டம் சாத்தியமாயிற்று. அந்தச் சுரங்கத்தோடு வேறொன்றும் நடந்தது. வண்டிக்குப் பெயர் கொடுத்த ரோன் பனிப்பாறையை அன்றிலிருந்து அந்த வண்டியின் சாளரத்தால் பார்க்க முடிவதில்லை! பெயருக்கு நாம் கொடுக்கும் காசு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே எனது திட்டம் பெர்னினாப் பாதையைச் சுற்றியே அமைந்திருக்கிறது. சூரிச்சில் காலை ஏழரை மணியளவில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் கூர் நகரம். தை மாதத்தில் அங்கு எட்டு மணிக்குத்தான் விடியும். மாலை ஐந்துக்கு முன் பொழுது சாய்ந்துவிடும். குளிர்காலப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் பணத்தை எண்ணுமுன் வெளிச்சத்தை எண்ண வேண்டும். மலைப்பகுதி முழுவதும் ஒன்பதுக்கும் நாலுக்கும் இடையில் வருமாறு வண்டிகளைத் தெரிந்தெடுக்காவிட்டால், கொடுத்த காசுக்கு இருட்டைப் பார்த்துக்கொண்டு வரலாம். சூரிச்சில் மூடுபனி கவிந்திருந்தால் மனம் தளர்ந்து திரும்பிவிடவும் கூடாது. அந்தப் பனி பெரும்பாலும் தாழ்நிலத்தோடு நின்றுவிடும். மேலே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்.

கூரிலிருந்து சென் மொரிட்ஸ் வரை இரண்டு மணி நேரம். வழியில் பிலிசூருக்குச் சற்று முன்னர் லண்ட்வாசர் பாலம். 65 மீற்றர் உயரம், ஆறு வளைவுகள். வளைந்து செல்லும் அந்தப் பாலம் நேரே ஒரு செங்குத்துப் பாறையில் முட்டி, அங்கேயே சுரங்கமாகிவிடுகிறது. சென் மொரிட்ஸ் 1928 இலும் 1948 இலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அங்கே வண்டி மாறுவதைத் தவிர வேறு எதுவும் செய்யும் உத்தேசம் எங்களுக்கில்லை. கோப்பி குடிப்பதும் அந்த 'வேறு எதுவும்' என்பதற்குள் அடங்கும்.

அங்கிருந்து இத்தாலிய ஊரான திரானோ வரை 61 கிலோமீற்றர். 1910 இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பாதை. 2008 இல், வடக்கேயுள்ள அல்புலாப் பாதையோடு சேர்த்து, உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒஸ்பிசியோ பெர்னினா நிலையம் 2,253 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது பட்டிப்பொலை 1,898 மீற்றர். அந்த உச்சியிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் 429 மீற்றரிலுள்ள திரானோவுக்கு வண்டி இறங்குகிறது. பற்சக்கரம் கிடையாது. நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் சரிவை வெறும் சக்கரமும் தண்டவாளமும் பிடித்த பிடியிலேயே கடக்கிறது.

திரானோ நோக்கிப் போகும்போது வலப்பக்கத்தில் அமர வேண்டும். மொர்ட்டராட்ச் பனிப்பாறை, உச்சியிலுள்ள லாகோ பியாங்கோ ஏரி, அல்ப் கிரூம் நிலையத்தருகே பலூ பனிப்பாறை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே வரும். வெள்ளை ஏரி என்று பொருள்படும் லாகோ பியாங்கோவுக்கு அயலில் கறுப்பு ஏரி என்ற பெயரில் சிறியதொன்று உண்டு. கறுப்பு ஏரியின் நீர் இன், தன்யூப் ஆறுகளின் வழியே கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளை ஏரியின் நீர் போ ஆற்றின் வழியே அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. தை மாதத்தில் இரண்டும் உறைந்து, கறுப்பும் வெள்ளையுமின்றி ஒரே வெண்மையாகத்தான் கிடக்கும்.

கீழே புருசியோவில் பாதை ஒன்பது வளைவுகள் கொண்ட பாலத்தின் மீது ஒரு வட்டமிட்டுத் தன்னைத் தானே கீழாகக் கடந்து செல்கிறது. பேராதனையில் படித்த நாட்களில் பதுளை வண்டியின் மூன்றாம் வகுப்புக் கதவில் கால் தொங்கவிட்டபடி தெமோதரைச் சுற்றைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தெமோதரையில் நிலையத்தின் அடியிலேயே பாதை நுழைகிறது. அந்த அழகைக் காண எங்களிடம் எவரும் கண்ணாடிக் கூரைக்குக் காசு கேட்டதில்லை.

முதல் நாள் இரவைத் திரானோவிலேயே கழிப்போம். எல்லைக்கு அப்பால் யூரோவில் அறை எடுப்பது சுவிற்சர்லாந்தின் மலையூர்களில் தங்குவதைவிட மிக மலிவு. அவ்வூர்ப் பக்கத்தில் கோதுமையல்லாத ஒருவகைக் கருந்தானிய மாவில் செய்யும் பிட்சொக்கேரி என்ற உணவு உண்டு. கோவாவும் உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் சேர்ப்பார்கள். சமையற்காரரான மைத்துனருக்கு அதை ருசி பார்க்கும் ஆவல் இப்போதே வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அவர் தொலைபேசியில் வேறொன்றைச் சொன்னார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒருமுறை இரண்டு நண்பர்களோடு இதே பாதையில் கிளம்பியிருக்கிறார். அப்போது மூவரும் அகதி விண்ணப்பதாரர்கள். நாட்டை விட்டு வெளியேற அனுமதியில்லை. திரானோ இத்தாலிக்குள் இருக்கிறது என்பதை யாரோ வண்டியில் சொல்ல, கடைசிச் சுவிஸ் நிலையமான கம்பொகொலோனோவுக்கும் முன்னரே இறங்கித் திரும்பி வந்துவிட்டார்களாம். "ஐஞ்சு நிமிசத் தூரம் அத்தான். ஆனால் பிடிபட்டால் எல்லாம் போயிடும்." 1992 முடிவதற்குள் வந்தவர்களுக்குத் தங்கும் வழி திறந்த 2000 ஆம் ஆண்டின் மனிதாபிமான நடவடிக்கையில் அவருக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. அந்த எஃப் அனுமதியோடும் வெளிநாடு போவது எளிதல்ல. இன்று அவரிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது. ஆயினும் அந்த ஐந்து நிமிடத் தூரத்தை அவர் இன்னும் கடக்கவில்லை. காசுக்காரரின் கோச்சி என்ற சொல்லுக்குப் பின்னால் காசு மட்டும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் நான்தான். சுவிற்சர்லாந்து 2008 இன் இறுதியில் செங்கன் வலயத்தில் சேர்ந்தமையால், ஒரே தடவை நுழையும் விசாவே திரானோவுக்குப் போய்வரப் போதுமானது. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2024 ஆனியில் 90 யூரோ ஆக்கப்பட்டது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாடு முழுவதும் ஒருநாள் முழுக்கச் செல்லுபடியாகும் சிக்கனச் சீட்டு, முன்கூட்டி வாங்குபவர்களுக்கு 2024 இல் 52 பிராங்கிலிருந்து கிடைத்தது. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். திகதியை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ முடியாது. விசா கையில் வருமுன் வாங்கினால் அது சூதாட்டம். ஆகவே கூடிய விலையைக் கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன். விசா நிராகரிக்கப்பட்ட பின் பயன்படாத சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

மைத்துனருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கு வதிபவர்களில் பலர் அரைக்கட்டண அட்டை வைத்திருப்பார்கள். அத்துடன் 2024 தொடக்கம் உள்ளூராட்சி அலுவலகங்கள் விற்கும் நாட்சீட்டு, அரைக்கட்டண அட்டையுள்ளவர்களுக்குப் பத்து நாட்கள் முன்னதாக வாங்கினால் 39 பிராங். எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டது. அந்த அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை வதிவிட அட்டையைப் புதுப்பிக்கப் போயிருக்கிறார். பயணச்சீட்டுக்காக ஒருபோதும் போனதில்லை.

இவ்வாறான சீட்டுகள் எங்களுக்கு இரண்டு நாட்களுக்கே தேவை. நடுவிலுள்ள நாள் இத்தாலியில் கழிகிறது. திரானோவிலிருந்து கோமோ ஏரிக்கரையோரமாகச் செல்லும் சாதாரண வண்டிக்குச் சில யூரோக்களே. கடதாசிச் சீட்டென்றால் ஏறுமுன் மேடையிலுள்ள இயந்திரத்தில் பதிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தண்டம். மொன்சாவில் மாறிக் கோமோ நகரத்தில் இரண்டாம் இரவு. மூன்று நாட்களுக்கான சுவிஸ் சுற்றுலாச் சீட்டை 2024 இல் 244 பிராங்குக்கு விற்றார்கள். பயணம் மூன்று நாட்கள் என்பதற்காக அதை வாங்கியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

மூன்றாம் நாளைப் பற்றித்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். கோமோவிலிருந்து சூரிச்சுக்கு விரைவு வண்டியில் ஏறினால் 2016 இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் கொத்தார்ட் அடிவாரச் சுரங்கத்துக்குள் போய்விடும். பொறியியலில் அது அற்புதந்தான். பார்ப்பதற்கு அங்கு கருமையைத் தவிர எதுவுமில்லை. பெலின்சோனாவில் இறங்கி, பழைய மலைப்பாதையில் ஓடும் செம்புநிற வண்டியில் ஏற வேண்டும். மலைக்குள் சுருண்டு சுருண்டு ஏறும் அந்தப் பாதையில், வடக்குப் பக்கத்தில் வாசன் என்ற ஊரின் தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களில் மூன்று முறை தெரியும்.

அதற்கு முன், பழைய சுரங்கத்தின் தெற்கு வாயிலான ஐரோலோவில் இறங்கி அடுத்த வண்டிவரை ஒரு மணி நேரம் நிற்போம். பதினைந்து கிலோமீற்றர் நீளமான அந்தச் சுரங்கம் 1882 இல் திறக்கப்பட்டது. அதைக் குடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். ஏறத்தாழ இருநூறு பேர் வேலைத்தலத்தில் மாண்டார்கள். 1875 இல் வடக்கு வாயிலான கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்தபோது நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒப்பந்தகாரரான லூயி ஃபாவ்ருமே 1879 இல் சுரங்கத்துக்குள் உயிரிழந்தார். வின்சென்சோ வேலா என்ற சிற்பி, எவரும் கேட்காமல் தாமாகவே, மாண்ட தொழிலாளி ஒருவரைத் தோழர்கள் தூக்கிச் செல்லும் காட்சியைப் புடைப்புச் சிற்பமாக வடித்தார். அதன் வெண்கல வார்ப்பு ஐரோலோ நிலையத்தருகே இருக்கிறது. மைத்துனரை அதன் முன் நிறுத்திப் பார்க்க வேண்டுமென்பது என் எண்ணம். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. குளிருது அத்தான் என்று சொன்னாலும் சொல்வார்.

நாள் குறிப்பதில் இரண்டு விடயங்களைக் கவனித்தேன். நத்தார், புத்தாண்டு விடுமுறையின் விலையேற்றம் தையின் முதல் வாரத்தோடு அடங்கும். மாசியில் பாடசாலை விடுமுறையில் சறுக்குவோர் கூட்டம் வந்து மீண்டும் ஏற்றிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வார நாட்களே மலிவு. கடும் பனி விழுந்தால் பாதை மூடப்படலாம் என்பதால், கொழும்பு விமானத்துக்கு முதல் நாள்வரை பயணத்தை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. எனவே பொங்கல் கழிந்த கிழமையில் செவ்வாய், புதன், வியாழன் என்று முடிவு செய்தோம்.

நேற்றிரவு மைத்துனர் மீண்டும் அழைத்தார். வேலைத்தலத்தில் விடுப்புக் கேட்டுவிட்டாராம். பாணும் கட்டைச்சம்பலும் கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார், வண்டியில் மணக்குமோ என்றும் கவலைப்பட்டார். கடைசியில், வலப்பக்கம் என்று சொன்னீர்களே, அது வண்டி போகும் திசைக்கு வலமா, நாங்கள் இருக்கும் திசைக்கு வலமா என்று கேட்டார். போகும் திசைக்கு என்றேன். எழுதி வைத்துக்கொண்டார்.