பத்தாண்டு அனுபவத்தைத் தேர்வுக்குழு எப்படிப் படிக்கும்?

விளம்பர நிறுவனத்திலோ வானொலியிலோ அரசாங்க அமைப்பின் தொடர்புப் பிரிவிலோ வேலை பார்ப்பவர்களிடமிருந்து ஒரே சாயலில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. தொடர்புத்துறையில் முனைவர் பட்டம் படிக்க ஆசை. பட்டப்படிப்பில் நல்ல தேர்ச்சி, வேலையிலும் நல்ல பெயர். ஆனால் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒருமுறை விண்ணப்பித்துப் பார்த்தாயிற்று, இடம் கிடைக்கவில்லை. “இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?” என்று ஆதங்கத்தோடு முடிப்பார்கள்.

மதிப்பு உண்டு. அதை எழுதிய விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. வேலைக்கு ஆள் எடுப்பவர், இதுவரை என்ன செய்து முடித்தீர்கள் என்று பார்ப்பார். முனைவர் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்கள் பார்ப்பது வேறு. அடுத்த நான்கைந்து ஆண்டுகள் இவர் ஒரு கேள்வியோடு தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்டுவாரா? அந்தக் கேள்வியில் நம் துறையில் யாருக்காவது நாட்டம் உண்டா? “லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்த பிரசாரத்தை வழிநடத்தினேன்” என்ற வரி முதலாளியை அசத்தும். பேராசிரியரோ, சென்றடைந்தது எப்படித் தெரியும், பார்த்தவர்கள் நம்பினார்களா, நம்பாதவர்கள் ஏன் நம்பவில்லை என்று கேட்பார். அதற்கு விண்ணப்பத்தில் ஒரு வரியும் இல்லையென்றால் பத்தாண்டும் ஒரு பத்தியில் கரைந்துவிடும்.

பத்திரிகை வேலையிலிருந்து ஆய்வுக்குப் போனவர்களுக்கு இந்தத் துறையில் பஞ்சமில்லை. ராபர்ட் பார்க் 1887 முதல் 1898 வரை அமெரிக்க நகரங்களில் நிருபராகத் திரிந்தவர். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு ஏறக்குறைய 40 வயது. “இந்த வயதில் என்ன படிப்பு?” என்று வீட்டில் கேட்டால் இவரைச் சொல்லலாம். 1922ல் அவர் எழுதிய நூல், அமெரிக்காவில் குடியேறியவர்கள் தத்தம் தாய்மொழியில் நடத்திய பத்திரிகைகளைப் பற்றியது. கடல் தாண்டி வந்து தமிழில் நாளிதழ் படிக்கும் நமக்கு அந்தப் பொருள் அந்நியமாகத் தெரியாது.

மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ் நியூ ஆர்லியன்ஸ் நாளிதழில் நிருபராக இருந்தவர். பிறகு ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அவரும் டானல்ட் ஷாவும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, சேப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 பேரிடம் பேசினார்கள். ஊடகங்கள் எவற்றுக்கு அதிக இடம் கொடுக்கின்றனவோ அவற்றையேதான் மக்களும் முக்கியப் பிரச்சினைகள் என்கிறார்களா என்பது கேள்வி. 1972ல் வெளிவந்த அந்தக் கட்டுரையைத் தொடர்புத்துறை மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். நூறே பேர்தான். அவ்வளவு சிறிய ஆய்வை வாடிக்கையாளர் முன் வைக்க எந்த விளம்பர நிறுவனமும் கூச்சப்படும். கேள்வி கூர்மையாக இருந்ததால் எண்ணிக்கை பின்னுக்குப் போனது.

வேலையில் இருப்பவரின் பெரிய சொத்து அப்படிப்பட்ட கேள்விதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் இன்ன கஷாயத்தைக் குடித்தால் நீரிழிவு ஓடிப்போகும் என்று பெரியப்பா ஒரு தகவலை அனுப்புகிறார். தாதியாக வேலை பார்க்கும் தம்பி மகளுக்கு அது தவறு என்று தெரியும். ஆனாலும் குழுவில் மறுத்து எழுதமாட்டாள். கும்பிடும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, அம்மாவைத் தனியாக அழைத்து, “பெரியம்மாகிட்ட சொல்லி வைங்கம்மா, மாத்திரைய நிறுத்திடப் போறார்” என்பாள். சுகாதாரப் பிரசாரத்தில் வேலை செய்த ஒருவர் இதைப் பலமுறை பார்த்திருப்பார். ஆனால் விண்ணப்பம் எழுத உட்கார்ந்ததும், “பொய்ச் செய்திகளைத் தடுப்பது எப்படி என்று ஆராய விரும்புகிறேன்” என்று எழுதிவிடுவார். அந்த வாக்கியத்தை யாரும் எழுதலாம். தவறான மருத்துவத் தகவலைத் திருத்த வயதில் இளையவர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், உறவுமுறையும் வயதும் அந்தத் தேர்வை எப்படி மாற்றுகின்றன என்ற கேள்வியை அவர்தான் எழுத முடியும்.

கேள்வி கிடைத்ததும், இதைப் பற்றி ஏற்கெனவே யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். வேலையிலிருந்து வருபவர்களின் விண்ணப்பம் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஊடகத்தின் தாக்கம் நேரடியாக வருவதைவிட நம்மைச் சுற்றியுள்ள மனிதர்கள் வழியாக வருகிறது என்று கேட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955ல் எழுதினார்கள். செய்தி தன்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் ஏமாற்றும் என்று ஒவ்வொருவரும் நினைப்பதை டேவிசன் 1983ல் விளக்கினார். பேச்சில் ஒருவர் இன்னொருவரின் முகம் வாடாமல் காப்பதைப் பற்றி எர்விங் கோஃப்மன் எழுதியிருக்கிறார். பெரியப்பாவின் கஷாயத்தை இந்த மூன்றில் ஒன்றோடு உரசிப் பார்த்து, எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று இரண்டு பத்தி எழுத முடிந்தால் நோக்க அறிக்கையின் பாதி முடிந்த மாதிரி. ஐம்பது கட்டுரை படிக்கத் தேவையில்லை. பத்தை நன்றாகப் படித்தால் போதும், அதில் நாலைந்து நீங்கள் விண்ணப்பிக்கும் துறையின் பேராசிரியர்கள் எழுதியவையாக இருக்கட்டும்.

அடுத்தது எழுத்து மாதிரி. எட்டு ஆண்டுக்கு முந்திய ஆய்வேட்டைத் தூசி தட்டி அனுப்புவதைவிட, புதிதாகச் சிறிய ஆய்வு ஒன்றைச் செய்வது நல்லது. அலுவலகத்தில் கிடைக்கும் தரவுகளில் கைவைக்கக் கூடாது. வேலை ஒப்பந்தம் இடம் தராது, 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆட்களைப் பேட்டி காண்பதென்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், வெளியே இருப்பவருக்கு அது எளிதில் கிடைக்காது. மிஞ்சுவது பொதுவில் கிடைக்கும் அச்சுப் பக்கங்கள். அந்த வகையில் நமக்குக் கொடுப்பினைதான். தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ இணையத் தொகுப்பில் 1887ல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இருக்கிறது, பழைய ‘தமிழ் முரசு’ இதழ்கள் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. 1957ல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டில் ஒரு தமிழ் நாளிதழ் தன் வாசகர்களை என்னவென்று அழைத்தது? தமிழர் என்றா, இந்தியர் என்றா, மலாயா மக்கள் என்றா? மாதத்துக்கு ஒரு வாரம் என்று பன்னிரண்டு வார இதழ்களை எடுத்துக்கொண்டு, தலையங்கங்களையும் வாசகர் கடிதங்களையும் மட்டும் படித்து, ஒவ்வொன்றிலும் எந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறிக்கலாம். தேடல் கைகொடுக்காத இடத்தில் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். சனிக்கிழமை காலைகளை ஒதுக்கினால் நாலைந்து மாத வேலை. அட்டவணையில் ஒரு பகுதியை வீட்டிலேயே இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் விடையைப் பார்க்காமல் குறிக்கச் சொல்லுங்கள். கணவரோ தங்கையோ யாராக இருந்தாலும் சரி, தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். இருவரும் ஒத்துப்போகாத இடங்களில்தான் உங்கள் வரையறையின் ஓட்டை தெரியவரும். அந்த ஒத்திசைவை அளக்கும் கணக்குக்குக் கிளவுஸ் கிரிப்பன்டார்ஃப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளே அதைக் கணக்கிட்டுத் தரும். இருபது பக்கக் கட்டுரையில் இதை ஒரு பத்தியாக எழுதியிருப்பவரைத் தேர்வுக்குழு வேறு கண்ணோடு பார்க்கும். தமிழ் படிக்கத் தெரிந்த தொடர்புத்துறை ஆய்வாளர்கள் உலகப் பல்கலைக்கழகங்களில் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். தன்விவரக் குறிப்பின் கடைசி வரியில் ‘மொழிகள்’ என்று ஒதுக்கிவைக்கும் அந்தத் திறனுக்கு இடம் முதல் பக்கத்தில்.

கட்டுரை முடிந்தால் மாநாட்டுக்கு அனுப்பலாம். அனைத்துலகத் தொடர்புச் சங்கம் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. முழுக் கட்டுரைகளை எழுதியவர் பெயரை மறைத்தே மதிப்பிடுகிறார்கள், பல்கலைக்கழக முகவரி இல்லாதவரும் அனுப்பலாம். ஏற்கப்படாவிட்டாலும் மதிப்பீட்டாளர் குறிப்புகள் கிடைக்கும். ஆனால், “உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், இவ்வளவு கட்டணம்” என்று வரும் மின்னஞ்சலுக்குப் பணம் கட்டாதீர்கள். அத்தகைய இதழின் பெயர் விண்ணப்பத்தில் இருப்பதைவிட வெற்றிடமே மேல். பேராசிரியர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் இரண்டோ மூன்றோ கேட்பார்கள். மேலாளர்கள் எழுதும் கடிதம் பெரும்பாலும் “கடின உழைப்பாளி, குழுவோடு இணக்கமாகப் பழகுபவர்” என்ற ரகம். தேர்வுக்குழுவுக்கு அதனால் பயன் குறைவு. கல்விக்களத்தில் இருப்பவர் ஒருவராவது, முடிந்தால் இருவர், உங்கள் ஆய்வுத்திறனைப் பற்றி எழுத வேண்டும். பழைய பேராசிரியருக்கு உங்களை நினைவிருக்காது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் பாடம், என்ன கட்டுரை எழுதினேன், இப்போது என்ன செய்கிறேன். புதிய கட்டுரையின் வரைவை இணைத்து, கருத்துக் கேளுங்கள். கடிதத்தை அன்றே கேட்க வேண்டாம். ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு அவர் எழுதும் கடிதத்தில் சொல்வதற்கு விஷயம் இருக்கும். உள்ளூர்ப் பேராசிரியர் யாருடைய ஆய்விலாவது பகுதிநேர உதவியாளராகச் சேர முடிந்தால் இன்னும் நல்லது.

நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். அமெரிக்காவில் துறை மொத்தமாக மாணவரைத் தேர்ந்தெடுக்கும். முதலில் வகுப்புகள், பிறகு ஆய்வு. கெடு பெரும்பாலும் டிசம்பரில் வரும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, மலேசியாவில் ஆய்வுத் திட்டமும் நெறியாளரும் முதலிலேயே வேண்டும், ஆகவே பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுதியாக வேண்டும். சிங்கப்பூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நன்யாங்கின் தொடர்புக் கல்விக்கழகத்துக்குப் பெயர் தந்த அதிபர் வீ கிம் வீயும் பத்திரிகையாளராக இருந்தவர் என்பது நம் விண்ணப்பதாரருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

வீட்டில் பேச வேண்டியதும் இருக்கிறது. ஆய்வு உதவித்தொகைகள் பொதுவாக முழுநேர மாணவருக்கே உரியவை. அது சம்பளத்துக்கு ஈடாகாது. வீவக வீட்டுக் கடனை மத்திய சேமநிதியிலிருந்து கட்டுபவர்கள், அந்த நான்கு ஆண்டும் தவணை எங்கிருந்து வரும் என்பதை விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் துணையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவது நல்லது. சேமநிதிப் பங்களிப்பு, மருத்துவக் காப்புறுதி, பகுதிநேரமாகப் படிக்க வழி ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகத்திடமே எழுத்தில் கேட்கலாம். சம்பளமில்லா விடுப்பைப் பற்றி அலுவலகத்தில் பேசுவதற்கு இடம் கிடைத்த கடிதம் கைக்கு வரட்டும். அதுவரை விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர், வேலை தரப்பிலிருந்து ஒரு பரிந்துரை தேவைப்பட்டால், இப்போதைய மேலாளரை விட்டுவிட்டு முன்பு வேலை பார்த்த இடத்தின் மேலாளரைக் கேட்கலாம். அவரிடமும், எழுதிய அறிக்கை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் தகவல்களை எப்படித் திரட்டினீர்கள், எதைச் சந்தேகித்தீர்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள்.