எங்கள் கடலின் அலையை யார் அளக்கிறார்கள்?

கடந்த வாடைக் காலத்தில் ஒரு மாலைப்பொழுது முல்லைத்தீவுக் கரையில் நின்றிருந்தேன். மேலே இழுத்துவிடப்பட்டிருந்த பைபர் படகுகளுக்கு நடுவே இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர், தன் கைபேசிக்கு வந்த காலநிலை எச்சரிக்கையை என்னிடம் நீட்டினார். அலை 2 முதல் 2.5 மீற்றர் வரை எழலாம், கடலுக்குச் செல்வோர் அவதானமாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"பிள்ளை, உந்த ரெண்டு மீற்றரை எந்த இடத்தில நிண்டு அளந்தவங்கள்?" என்று கேட்டார்.

அவர் கோபத்தில் கேட்கவில்லை. நாற்பது வருடமாகக் கடலுக்குப் போய்வரும் ஒருவர், தன் தொழிலைப் பற்றி வந்த ஓர் எண்ணின் ஊற்றை அறிய விரும்பினார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பதிலைத் தேடிப் போனபோதுதான், அந்தக் கேள்வி காலநிலையைப் பற்றியது மட்டுமல்ல என்பது புரிந்தது.

முதலில் நேரடியான பதில். எச்சரிக்கையில் வருவது நாளைய அலை. அதை எவரும் அளக்க முடியாது, கணிக்கத்தான் முடியும். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு நேரம் காற்று வீசும் என்பதைக் கொண்டு கணினி மாதிரிகள் அலையின் உயரத்தைக் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்குச் சரியா என்று பார்க்க உண்மையான கடலில் ஓர் அளவு வேண்டும். செய்மதிகளும் அலையை அளக்கின்றன. ஆனால் ஒரு செய்மதி அதே தடத்துக்குத் திரும்பிவரப் பல நாட்கள் ஆகும். கரையை அண்டிய கடலில் அதன் அளவு தடுமாறும். ஓரிடத்தில் இரவும் பகலும் நின்று அளப்பதற்கு நங்கூரமிட்ட மிதவைதான் வேண்டும்.

உலகெங்கும் இதற்குப் பரவலாகப் பயன்படுவது நெதர்லாந்தின் டேட்டாவெல் நிறுவனம் செய்யும் 'வேவ்ரைடர்' என்ற மிதவை. 1953 இல் வடகடல் பெருவெள்ளத்தில் 1800 க்கும் மேற்பட்டவர்களை இழந்த நாடு அது. பார்வைக்கு அந்த மிதவை ஒரு மஞ்சள் பந்து. குறுக்களவு 70 அல்லது 90 சென்ரிமீற்றர். உச்சியில் ஓர் அன்ரெனாவும் மின்னும் விளக்கும் இருக்கும். உள்ளே இருக்கும் கருவி பந்து மேலே எழும்போதும் கீழே இறங்கும்போதும் அதன் முடுக்கத்தைப் பதிகிறது. முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து உயரத்தையும் கணக்கிடுகிறார்கள். பக்கவாட்டு அசைவையும் திசையறி கருவியையும் சேர்த்தால் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

இதில் மீனவர் உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு நுட்பம் உண்டு. பந்தை இறுக்கிக் கட்டினால் அது அலையோடு எழாது, அலைக்குள் அமிழ்ந்துவிடும். அதனால் நங்கூரக் கயிற்றுக்கும் பந்துக்கும் இடையில் நீண்டு சுருங்கும் இறப்பர் வடம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இடத்தை விட்டுப் போகாமலும், அலையை எதிர்க்காமலும் மிதவை நிற்பது அதனால்தான்.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது ஒரு கணக்கு அனுப்பும். அதில் முக்கியமான எண், கடந்துபோன அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எச்சரிக்கைகளில் 'அலை உயரம்' என்று வருவது பெரும்பாலும் இதுதான். '2 மீற்றர்' என்று வாசிப்பவர், எந்த அலையும் 2 மீற்றரைத் தாண்டாது என்று நினைத்தால் அது உயிராபத்தான பிழை. ஆயிரம் அலைகள் கடந்தால் அவற்றில் ஒன்று அந்த எண்ணின் ஏறத்தாழ இரு மடங்குக்கு எழும். ஏழு செக்கனுக்கு ஓர் அலை என்றால், ஆயிரம் அலை கடக்க இரண்டு மணித்தியாலம் போதும். அதாவது '2 மீற்றர்' கடலில் ஓரிரவு வலை விட்டிருக்கும் படகு, 4 மீற்றருக்குக் கிட்டிய அலையைச் சந்திக்கக்கூடும்.

உயரம் மட்டும் போதாது. அலைக்கும் அலைக்கும் இடையிலான நேரமும் வேண்டும். ஆழ்கடலில் 14 செக்கனுக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் 300 மீற்றருக்கு மேல். அதன்மேல் படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். 6 செக்கன் அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீற்றர்தான். அதே 2 மீற்றர் உயரத்தில் அது செங்குத்தாக வந்து படகின் முகப்பில் அறையும். வாடைக் காற்று கிளப்பும் குறுகிய அலைகள் சிறு படகுகளைப் புரட்டிவிடுவது இதனால்தான். இதை எங்கள் கடற்றொழிலாளர்கள் அனுபவத்தால் அறிவார்கள். அவர்களுக்கு அனுப்பப்படும் குறுஞ்செய்தியில்தான் அது இருப்பதில்லை.

எங்கள் தீவில் அலை அளக்கப்படவே இல்லை என்பதல்ல. 1980களின் இறுதியிலும் 1990களின் முற்பகுதியிலும், ஜேர்மனியின் உதவியுடன் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் காலிக்கு அப்பால் மிதவை இட்டு அலைகளின் உயரத்தையும் திசையையும் அளந்தது. தென்மேற்குக் கரை பற்றிய ஆய்வுகளுக்கு அந்தத் தரவுகள் அடிப்படையாகின. அதே ஆண்டுகளில் வடக்கு, கிழக்குக் கடலில் எங்களுக்குத் தெரிந்த அளவுகள் வேறு. எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பவையே அவை. கடல் எங்களுக்கு மூடப்பட்டிருந்த காலத்தில் அதன் அலைகளை அளந்து எழுதிவைக்க ஆளிருக்கவில்லை. போர் விட்டுச்சென்ற வெற்றிடங்களில் இதுவும் ஒன்று.

வெற்றிடத்தின் விலை என்ன? ஒலுவிலைப் பாருங்கள். டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. அலை கரையைச் சாய்வாக அடிக்கும்போது மணல் கரையோரமாக நகர்கிறது. குறுக்கே அலைதடுப்புச் சுவர் எழுந்தால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை அரிக்கப்படும். அங்கே துறைமுக வாயிலை மணல் அடைத்தது. ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளில் தென்னந்தோட்டங்களையும் காணிகளையும் கடல் எடுத்தது. எந்தப் பருவத்தில் எத்திசையிலிருந்து எவ்வளவு வலுவோடு அலை வருகிறது என்ற நீண்டகால அளவு, கரையில் கொங்கிறீற் போடுவதற்கு முன்னர் மக்கள் கேட்க வேண்டிய முதல் ஆவணம். வடக்கில் மீன்பிடித் துறைமுகங்கள் பற்றிப் பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்க வேண்டும்.

ஆனால் மிதவை ஒரு மந்திரக்கோல் அல்ல. 2013 ஜூனில் தென்மேற்குக் கடலில் திடீரென வீசிய கடும் காற்றில் 50 க்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தார்கள். உரிய எச்சரிக்கை தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று குடும்பங்கள் கூறின. அளவு எங்கோ ஒரு கணினியில் கிடந்து, படகிலிருப்பவரின் காதுக்கு வராவிட்டால் அதனால் பயனில்லை. சுனாமி மிதவைகள் சொல்வதும் இதைத்தான். அவை வேறு வகை. கடலடியில் உள்ள அழுத்தமானி உணர்வதை, மேலே நிற்கும் மிதவை செய்மதிக்கு அனுப்பும். 2004 இல் இந்து சமுத்திரத்தில் அப்படி ஒன்றுகூட இருக்கவில்லை. சுமாத்திராவிலிருந்து எங்கள் கரைக்கு அலை வர இரண்டு மணித்தியாலம் எடுத்தும், முல்லைத்தீவில் ஒருவருக்கும் அந்த இரண்டு மணித்தியாலம் கிடைக்கவில்லை. பின்னர் மிதவைகள் வந்தன. ஆனால் 2018 இல் இந்தோனேசியாவின் பாலு நகரைச் சுனாமி தாக்கியபோது, அந்த நாட்டுக்குக் கிடைத்த மிதவைகள் ஆண்டுக்கணக்கில் செயலிழந்திருந்தன. வாங்குவது ஒரு நாள் வேலை. பராமரிப்பது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டியது.

பராமரிப்பில் மீனவருக்கும் பங்குண்டு. மிதக்கும் எதன் கீழும் மீன் கூடும். அதனால் உலகெங்கும் மீனவர்கள் மிதவையில் படகைக் கட்டுகிறார்கள், வலை விடுகிறார்கள், சிலவேளை கயிறும் அறுகிறது. வடக்கில் இழுவைமடி றோலர்கள் வேறு. வலைகளையே அள்ளிச்செல்லும் றோலர்களுக்கு ஒரு நங்கூரக் கயிறு பெரிதல்ல.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. கண்காணிக்கப்பட்டே பழகிய மக்கள் நாங்கள். விளக்கு மின்னும் மஞ்சள் பந்து ஒன்று ஒரு காலையில் கடலில் நின்றால், 'இது யாரைப் பார்க்க?' என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. பந்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறந்து காட்டி, அதன் அளவை முதலில் கரையிலுள்ளவருக்கே கொடுத்தால்தான் அது தீரும்.

இந்தியா 1990களின் பிற்பகுதியிலிருந்து நங்கூர மிதவைகளை இட்டு வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், கரையோர வேவ்ரைடர்களின் அளவுகளைக் கொண்டு தன் முன்னறிவிப்புகளைச் சரிபார்க்கிறது. இங்கும் அது முடியாததல்ல. ஆனால் முல்லைத்தீவுக்கு அப்பால் நிற்கும் ஒரு மிதவை பாக்கு நீரிணைக்காகப் பேச முடியாது. அந்த ஆழமற்ற கடலின் குணம் வேறு, அதற்குத் தனி அளவு வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றின் காவலர்களாக இருக்கலாம். உயரம், இடைவெளி, திசை மூன்றும் தமிழில், அரை மணிக்கொரு தடவை, எவரும் பார்க்கக்கூடியதாக வரவேண்டும்.

அந்தப் பதிவு இன்னொன்றுக்கும் உதவும். படகு கவிழ்ந்து நட்டஈடு கேட்கப் போகும் குடும்பத்திடம் 'அன்று கடல் அப்படி இருக்கவில்லை' என்று சொல்லப்பட்டால், காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும். எழுதப்படாத இழப்பு எவ்வளவு எளிதாக மறுக்கப்படும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்மையில் அந்த ஐயாவை மீண்டும் சந்தித்து, அறிந்ததைச் சொன்னேன். 2 மீற்றர் என்றால் 4 மீற்றரும் வரலாம் என்றபோது சிரித்தார். "அது எங்களுக்குத் தெரியும் பிள்ளை. அவங்களுக்குத் தெரியுமோ எண்டதுதான் எங்களுக்குத் தெரியாது."