பழஞ்சேலையைத் தீயில் போடாதீர்கள்!

மார்கழி முடியப் போகிறது. போகி நெருங்கிவிட்டது. வீட்டைக் கழுவி, பரணை ஒழித்து, கிழிந்த பாய், உடைந்த முறம், நைந்த துணி எல்லாவற்றையும் வாசலில் குவித்துத் தீ வைப்போம். தங்கவயலில் உள்ள நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியம் இது. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் குவியலில் போய்ச் சேரும் ஒரே ஒரு பொருளுக்காக மட்டும் வாசகர்களிடம், குறிப்பாகத் தாய்மார்களிடம், பரிந்து பேச வந்திருக்கிறேன். அதுதான் பழைய நூல் சேலை.

பழைய நூல் சேலைக்கு நம் வீடுகளில் ஒரு மரியாதை இருந்தது. பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது அதில்தான். கடையில் வாங்கிய புதுத்துணி பிஞ்சு உடம்பை உறுத்தும் என்பது ஆயாமார்கள் அறிந்த பாடம். தூளி கட்டுவதும் அதில்தான். அதற்கும் மேலே நைந்தால், நாலைந்து சேலைகளை அடுக்கி, மேலே சட்டைத் துண்டு, பாவாடைத் துண்டு, தையற்கடைக்காரர் கொடுத்த வெட்டுத்துணி எல்லாம் ஒட்டுப் போட்டு, கையாலேயே தைத்து ஒரு போர்வை ஆக்குவார்கள். தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் அதைப் பொந்த என்பார்கள். கன்னடத்தில் அது கௌதி. நாம் ஒட்டுப் போர்வை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த ஊரின் குளிரைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 2,700 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறோம். மார்கழி விடியலில் மாரிகுப்பத்திலும் ஊரிகத்திலும் தெருவில் நடந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் சுரங்கத்துக்குள் நிலைமை நேர் எதிர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். காற்றைக் குளிர்விக்க இயந்திரம் வைக்க வேண்டியிருந்தது. அந்த வெக்கையில் வேலை செய்து, வேர்த்து விறுவிறுத்து, இரவு ஷிப்டு முடிந்து மேலே வருகிற மனிதன் இந்தக் குளிரில் வீட்டுக்கு நடந்து போவான். லைன் வீட்டில் அவனுக்குக் காத்திருந்தது கம்பளியாக இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் பழந்துணிப் போர்வைதான்.

அதில் சூடு எங்கிருந்து வருகிறது என்று சிலர் கேட்கலாம். துணியில் மட்டும் இல்லை. அடுக்குகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட காற்றில்தான் சூடு நிற்கிறது. நெருக்கமாக ஓடும் தையல் அந்தக் காற்றைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து, நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. படிக்காத ஆயா இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சூட்டை விடுங்கள். நான் சொல்ல வந்தது அதைத் தைப்பதில் உள்ள சுகத்தைப் பற்றி. இது பலருக்கு விசித்திரமாகப் படும். ஒட்டுப் போட்டுத் தைப்பது வறுமையின் அடையாளம் அல்லவா, அதில் என்ன சுகம் என்பார்கள்.

ஒரு தடவை செய்து பாருங்கள். ஆறு கெஜச் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம். அகலம் 45 அங்குலம் இருக்கவே இருக்கிறது. ஓர் ஆள் படுக்கவும் போர்த்தவும் அளவெடுத்தது போல் வந்துவிடும். இரண்டு சேலை போட்டால் ஆறு அடுக்கு. தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிடும்போதே ஒரு நிதானம் வந்துவிடுகிறது. துவைத்துத் துவைத்து மெழுகு போல் ஆன துணி அது. புதுத்துணியில் ஊசி முரண்டு பிடிக்கும். இதில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும்.

அப்புறம் ஒட்டுத்துணி. கத்தரியைவிடக் கையால் கிழிப்பது நல்லது. ஓர் இழை பிடித்துக் கிழித்தால் துணி தானாகவே நேர்கோட்டில் போகும். அந்த 'சர்' என்ற சத்தமே தனி. கிழித்த துண்டுகளைப் பரப்பி வைத்து, எது எதற்குப் பக்கத்தில் என்று பார்க்க வேண்டும். அரக்குக்குப் பக்கத்தில் மஞ்சளா, மாம்பழத்துக்குப் பக்கத்தில் கிளிப்பச்சையா? இங்கேதான் ஒரு பெண் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிறாள். மாமியார் கேட்டாலும் கேட்கட்டும், துணி ஒன்றும் காசு கொடுத்து வாங்கியதல்ல. தப்பாகப் போனால் நஷ்டமில்லை. நஷ்ட பயம் இல்லாத இடத்தில் மனுஷிக்கு எவ்வளவு துணிச்சல் வருகிறது என்பதைப் பழைய ஒட்டுப் போர்வைகளின் நிறச் சேர்க்கையில் பார்க்கலாம். ஜவுளிக்கடையில் அதே கை வெளிர் நிறத்தைத்தான் எடுக்கும்.

தையலும் கடினமானதல்ல. நேராக ஓடுகிற ஓட்டுத் தையல்தான். ஒரு விரல் அகலம் விட்டு விட்டு வரிசையாகப் போட்டால் 45 அங்குலத்துக்கு அறுபது வரிசை வரும். வரிசைக்கு ஆறடி. மொத்தம் 360 அடித் தையல். நாளைக்கு மூன்று வரிசை என்றால் இருபது நாளில் முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஊசி ஓட ஆரம்பித்தால் பேச்சும் ஓடும். தனியாகத் தைக்கிறவர்களைவிட, இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து தைக்கிற வீடுகளே அதிகம். கைக்கு வேலை இருக்கும்போது வாய் சொல்லும் கதை வேறு. சும்மா எதிரெதிரே உட்கார்ந்தால் வராத துக்கமெல்லாம் அப்போது வந்துவிடும். கண் ஊசியில் இருக்கிறதல்லவா, யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

முடிந்த போர்வையோ ஒரு குடும்பத்தின் ஆஸ்தி. இது அக்கா பெரியவளானபோது கட்டிய பாவாடை. இது தம்பியின் முதல் பள்ளிக்கூடச் சட்டை. இது நைனா சுரங்கத்துக்குப் போட்டுப் போன காக்கி. போட்டோ எடுக்க வசதியில்லாத குடும்பங்களில் போட்டோ ஆல்பமாக இருந்தது இதுதான். போட்டோவைப் போர்த்துக்கொண்டு தூங்க முடியாது.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வம்சத்தார் வாழும் இடம். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் இறந்துபோனார். 1942-ல் அவர், கணவர் வேலைக்குப் போட்டுச் சென்ற துணிகளையெல்லாம் எடுத்து, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், போர்த்திக்கொள்ளவும். அந்தக் கிராமத்துப் பெண்கள் வறுமையில் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய கலைக்கூடங்களில் சுவரில் மாட்டப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றின் படங்களைத் தபால்தலையாகவே வெளியிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கர்நாடகத்திலேயே வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு காட்டுப் பகுதிகளில் சித்தி இனத்தவர் இருக்கிறார்கள். (நம் வீட்டுச் சித்தி அல்ல. முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.) அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் 'பூ' வைப்பார்கள். பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறதாம்! அந்தக் கவந்திகள் இன்றைக்கு வெளிநாட்டிலும் விலைபோகின்றன. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி. இரண்டும் பழந்துணியில் பிறந்து புகழ் பெற்றவை. புத்த பிட்சுக்களின் ஆடையே துண்டு துண்டாக ஒட்டித் தைத்ததுதான். மகத நாட்டு வயல்களின் வரப்பைக் காட்டி அந்த மாதிரி தைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக அவர்களுடைய நூல்கள் கூறும். துறவியின் தோளுக்கு ஏறிய ஒட்டு, நம் வீட்டுத் திண்ணைக்கு மட்டும் எப்படிக் கேவலமாயிற்று?

கேவலம் என்றுதான் நினைக்கிறோம். விருந்தாளி வந்தால் ஒட்டுப் போர்வையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பளபளப்பான கடைப் போர்வையை எடுத்து விரிக்கிறோம். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் சொல்லவே வேண்டாம். அந்தக் கடைப் போர்வை பாலியெஸ்டர். வேர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"வறுமையை அழகாக்கிப் பேசாதீர்கள். எங்கள் ஆயா ஆசைப்பட்டா தைத்தாள்? கம்பளி வாங்க வக்கில்லாமல் தைத்தாள்" என்று ஒரு வாசகர் கோபப்படலாம். கோபம் நியாயம்தான். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் மறக்கவில்லை. சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் இந்த ஊர்ச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளியின் குடிசைக்கு அது உடனே வந்துவிடவில்லை. ஆனால் வறுமையால் தைத்தார்கள் என்பதால் அதில் ரசனையே இல்லை என்று ஆகிவிடுமா? வெறும் குளிருக்கு என்றால் கைக்குக் கிடைத்த துண்டைக் கிடைத்த இடத்தில் ஒட்டியிருக்கலாம். சிவப்பை இங்கே வைத்து நீலத்தை அங்கே வைத்தது ஏன்? குளிருக்கு நிறம் தெரியாது. அதை ஆயா தன் கண்ணுக்காகச் செய்தாள். அவளிடம் பணம் இல்லை என்பது உண்மை. அவளிடம் கலை இல்லை என்று நாம் சொன்னால் அது நம் குருட்டுத்தனம்.

இந்த ஊரில் இதற்கு ஒரு தனி அர்த்தமும் இருக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரை, இந்த மண்ணிலிருந்து சுமார் 800 டன் தங்கம் போயிற்று. தோண்டியவன் வீட்டுக்கு அதில் குன்றிமணி வந்ததா? மேலே வருகிறவனைச் சோதனை போட்டுத்தான் வெளியே விட்டார்கள். அவன் உழைப்பு முழுவதும் கண்காணாத இடத்துக்குப் போயிற்று. அந்த வீட்டில் செய்த பொருள் அந்த வீட்டுக்கே என்று நின்றது, அவன் மனைவி தைத்த இந்தப் போர்வைதான்.

அவர்களுடைய பேத்திகளைப் பாருங்கள். விடியுமுன் மாரிகுப்பம் ரயிலில் ஏறிப் பெங்களூர் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களும் உண்டு. அங்கேயும் துணிதான், ஊசிதான், நூல்தான். ஆனால் ஒருத்தி நாள் முழுக்கக் காலர் மட்டும் தைப்பாள். இன்னொருத்தி கைப்பட்டி மட்டும் தைப்பாள். மணிக்கு இத்தனை என்று இலக்கு உண்டு. சட்டை முழுசாக எப்படி வந்தது, எந்த நாட்டில் யார் போட்டுக்கொண்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வயிற்றுக்கு அந்த வேலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம், தானே நிறம் பார்த்து, தானே இடம் பார்த்து, முடிவு வரை தானே தைக்கும் ஒரு துணி அவளுக்கும் இருக்கட்டுமே. இலக்கு இல்லாத தையல் எப்படி இருக்கும் என்று அவள் கை ஒரு தடவையாவது தெரிந்துகொள்ளட்டும்.

இதை விற்கலாமே, மகளிர் குழுக்கள் மூலம் தொழிலாக்கலாமே என்று உடனே யோசனை சொல்பவர்கள் உண்டு. விற்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இருபது நாள் உழைப்புக்கு நியாயமான கூலி கேட்டால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார், குறைத்துக் கொடுத்தால் தைத்தவள் வயிறு எரியும். சித்திப் பெண்களுக்குக் கிடைத்த பெயரும் சந்தையும் நமக்கு ஒரே நாளில் வந்துவிடாது. முதலில் நம் வீட்டுக் கட்டிலுக்கு மேலே அது வரட்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பொங்கல் விழா நடத்தும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோலப் போட்டி வைக்கிறீர்கள், உறியடி வைக்கிறீர்கள். இந்த வருஷம் மைதானத்தின் ஓரமாக ஒரு கயிறு கட்டுங்கள். வீட்டுக்கு வீடு மூட்டையில் கிடக்கும் ஒட்டுப் போர்வைகளைக் கொண்டுவரச் சொல்லி வரிசையாகத் தொங்கவிடுங்கள். பரிசு கூட வேண்டாம். தைத்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் குத்தினால் போதும். உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

போகிக்கு வருகிறேன். எது நூல், எது பாலியெஸ்டர் என்று சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். நூல் என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். மற்றது உருகி மணி போல் திரண்டுவிடும். உருகுவதைப் போர்வையில் சேர்க்க வேண்டாம். அதைத் தெருவில் கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகாது. நூல் சேலைகளை மட்டும் தனியாக எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி வையுங்கள். கரை நைந்திருக்காவிட்டால் கிழித்துத் தனியே சுருட்டி வைக்கலாம், கடைசியில் நான்கு ஓரத்துக்கும் அதுவே பட்டியாகும். பெரிய கண் உள்ள ஊசியாக வாங்குங்கள். கண்ணாடி போட்டவர்கள் பகல் வெளிச்சத்திலேயே ஐந்தாறு ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டால், சாயங்காலம் பேரப்பிள்ளையைத் தேட வேண்டியதில்லை.