முற்றத்துச் சருகு

ஆங்கிலப் பாடநூல்கள் கூறும் இலையுதிர்காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நிலவும். அந்நாள்களில் திருவனந்தபுரத்தில் துலா மழை பெய்துகொண்டிருக்கும். இங்கு மரங்கள் மிகுதியாக இலை உதிர்ப்பது மழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களில்தான். தேக்கு மொட்டையாகிவிடும். பலாவும் மாவும் நாள்தோறும் உதிர்க்கும். காலையில் பெருக்கிய முற்றம் மாலையில் மீண்டும் நிறைந்துவிடும்.

அச்சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது பல வீடுகளின் வழக்கம். புகை கொசுவை விரட்டும், சாம்பல் தென்னைக்கு உரமாகும் என்பர் பெரியவர். சாம்பலில் சாம்பல்சத்து உண்டு என்பது மெய்யே. ஆனால் இலையிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. அப்புகை அண்டை வீட்டாரின் மூச்சையும் அடைக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. தண்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதினும் சருகின் பயனை அறிந்து நிறுத்துவதே நன்று.

அப்பயன் இந்நகருக்கு இன்று மிகவும் வேண்டப்படுவது. முன்னர் நகரக் குப்பை லாரிகளில் விளப்பில்சாலைக்குச் சென்றது. நாற்றத்தையும் நீர் மாசுபடுவதையும் எதிர்த்து அவ்வூர் மக்கள் போராடினர். 2011 டிசம்பரில் அங்கிருந்த ஆலை மூடப்பட்டது. அதன்பின் கழிவை அந்தந்த இடத்திலேயே மட்கச் செய்யும் முறை பரவியது. அவற்றுள் ஒன்று, திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய காற்றோட்டப் பெட்டி. சாணம், சருகு, கழிவு என அடுக்கடுக்காக இட்டால் ஏறத்தாழ 90 நாள்களில் உரம் கிடைக்கும். சோறும் மீன்தலையும் மட்டும் இட்டால் ஈரம் தேங்கி நாறும். ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கு வழிவிடுவது சருகே. காலையில் சருகை எரித்துவிட்டு, மாலையில் உரத்தொட்டி நாறுகிறது என்று நொந்துகொள்வதில் பொருளில்லை.

முற்றத்தைப் பெருக்கவே வேண்டாம் என்பதன்று. நடைபாதைச் சருகினடியில் பாம்பு கிடக்கலாம். அதை அகற்றியே ஆகவேண்டும். மர அடியிலுள்ளதை விட்டுவைக்கலாம். மண் ஈரம் காக்கும். தமிழர் தவிட்டுக்குருவி என்னும் பறவையை மலையாளிகள் கரியிலக்கிளி என்பர்; கரியில என்றால் சருகு. அதைக் கிளறிப் பூச்சி தேடும் அப்பறவைக்கு இரையும் கிடைக்கும்.

எஞ்சியதைச் சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் வைக்கவேண்டும். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் உலர்ந்த இலை கிடைப்பது அரிது. தொட்டியோ அன்றும் சருகு கேட்கும்.