காக்பிட்டில் ஒரு பட்டன் தூரத்தில் தமிழ்... யார் அழுத்துறது?

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. ஃபிளைட் பிடிக்கணும்னா தெற்கே மதுரைக்குப் போகணும், இல்லைன்னா திருச்சிக்கு. (பேரைப் பார்த்து ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் துண்டிகல் விமானப்படை அகாடமியோடு குழப்பிக்க வேண்டாம். அது வேற ஊர்.) ஆனால் மேப்பில் திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்க. சிறுமலையும், அதைத் தாண்டி திண்டுக்கல் சமவெளியும் அந்தக் கோட்டுக்கு மேற்கே இருக்கும்.

இந்தச் சென்னை - மதுரை ரூட்டில்தான் சில வருஷம் முன்னாடி இண்டிகோ கேப்டன் ப்ரிய விக்னேஷ் தமிழில் அறிவிப்பு கொடுத்தார். காவிரியும் கொள்ளிடமும் பிரியுற இடத்தையும், நடுவில் தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்தையும் பயணிகளுக்குக் காட்டினார். வீடியோ வைரல். 2024-ல் இன்னொரு இண்டிகோ பைலட் பிரதீப் கிருஷ்ணன், சென்னை - கோவை விமானத்தில் ஏறியிருந்த தன் தாத்தாவை மைக்கில் அறிமுகப்படுத்தினார். சின்ன வயசில் டிவிஎஸ் 50-யில் தன்னை ஏத்திட்டுப் போனவரை இப்போ தான் கூட்டிட்டுப் போறதாகச் சொன்னார். அதுவும் வைரல்.

ரெண்டையும் நாமெல்லாம் ஸ்டேட்டஸில் வெச்சோம், சந்தோஷம்தான். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே பறக்கும் விமானத்தில் தமிழ் கேட்பது செய்தியாகுது என்பதை என்னால் முழுசாகக் கொண்டாட முடியலை. பஸ் கண்டக்டர் "வத்தலகுண்டு, வத்தலகுண்டு"ன்னு தமிழில் கூப்பிட்டார் என்று யாராவது வீடியோ போடுவாங்களா?

கண்டக்டரை சும்மா இழுக்கலை. அவர்கிட்ட ரெண்டு லைன் இருக்கு. விசில், டிரைவருக்கு. ஒரு விசில் என்றால் நிறுத்தணும், ரெண்டு என்றால் கிளம்பணும். குரல், பயணிகளுக்கு. காக்பிட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

பைலட்டுகளின் கைக்கு எட்டும் இடத்தில் ஆடியோ பேனல் என்று ஒரு சின்னப் பலகை இருக்கும். இண்டிகோ அதிகம் ஓட்டும் ஏர்பஸ் ஏ320-ல் கேப்டனுக்கு ஒண்ணு, கோ-பைலட்டுக்கு ஒண்ணு, மூணாவதாக உட்காருபவருக்கு மேலே ஒண்ணு. மேல் பக்கம் இருக்கும் பட்டன்கள், நாம் பேசுவது எங்கே போகணும் என்பதை முடிவு பண்ணும். கீழே இருக்கும் குமிழ்கள் எதையெல்லாம் கேட்கணும், எவ்வளவு சத்தமாக என்பதற்கு. ஆக, பேச ஒரு பாதை, கேட்கப் பல பாதை. கட்டுப்பாட்டு அறையோடு பேச விஎச்எஃப். பக்கத்தில் இருப்பவரோடு பேச இன்டர்காம். ஹெட்செட் போட்டுட்டு இன்ஜின் சத்தத்துக்கு நடுவே வேற எப்படிப் பேசுறது? கேபின் பணியாளர்கள் கூப்பிட்டால் 'கேப்' பட்டனில் விளக்கு சிமிட்டும். கடைசியாக பி.ஏ. இது நம்ம தலைக்கு மேல் இருக்கும் ஸ்பீக்கருக்கு.

ஏ320-ல் பி.ஏ. பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பேசணும். விரலை எடுத்தால் கட். போயிங் 737-ல் பி.ஏ.வைத் தேர்வு செய்துட்டு, ரேடியோவில் பேசும் அதே மைக் பட்டனை அழுத்தணும். இங்கேதான் சறுக்கல் வரும். தேர்வை மாத்த மறந்துட்டால், "உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்ற வாழ்த்து, பயணிகளுக்குப் பதிலா கட்டுப்பாட்டு அறைக்கும் அந்த அலைவரிசையில் பறக்கும் எல்லா பைலட்டுகளுக்கும் போய்ச் சேரும். அது சிரிச்சுட்டு விடும் கேஸ். 2011-ல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றில் மைக் ஆன் ஆகியே சிக்கிக்கொண்டது. சக ஊழியர்களைப் பற்றி பைலட் பேசிய அசிங்கமான பேச்சு முழுக்க ரேடியோவில் ஓடியது. கட்டுப்பாட்டாளரால் நடுவில் புகுந்து பேச முடியலை. ஒருத்தர் பட்டனை விடாத வரைக்கும் அந்த அலைவரிசையில் மத்தவங்க பேச்சு எடுபடாது.

அப்போ மொழி? "விமானத்தில் இங்கிலீஷ்தான் பேசணும், அது சர்வதேச விதி" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. பாதி உண்மை. அந்த விதி ரேடியோவுக்கு. அதுக்குப் பின்னால் ரத்தம் இருக்கு. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. சவுதி போயிங் 747-ம் கஜகஸ்தான் இல்யூஷினும் நடுவானில் மோதின. 349 பேர் இறந்தாங்க. கஜகஸ்தான் விமானத்தில் டெல்லி கட்டுப்பாட்டு அறையோடு ஆங்கிலத்தில் பேசியது ரேடியோ ஆபரேட்டர். அவர் காதில் விழுந்த உயரம், விமானத்தை ஓட்டியவர்களின் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரலை. 15,000 அடியில் நிற்கச் சொன்ன விமானம் அதுக்கும் கீழே இறங்கியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆங்கிலத் தேர்ச்சியைக் கட்டாயமாக்க இந்த விபத்தும் ஒரு காரணம். 2008 மார்ச்சில் அந்த விதி நடைமுறைக்கு வந்தது.

அதாவது, கேட்பவருக்குப் புரியணும் என்பதற்காக வந்த விதி அது. பி.ஏ. பட்டனை அழுத்தினால் கேட்பவர் யார்? ஒட்டன்சத்திரத்து காய்கறி வியாபாரி. சின்னாளபட்டியிலிருந்து மகளைப் பார்க்க முதல்முறை சிங்கப்பூர் கிளம்பும் அம்மா. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தம்பி. அவங்ககிட்ட இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பேசுவது, அதே தர்க்கத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறது.

காவிரி வர்ணனையை நான் கேட்கலை. அழகுதான், ஆனால் அது பைலட்டின் விருப்பம். தரையிறங்கும் நேரத்தில், அதாவது 10,000 அடிக்குக் கீழே, பைலட் வேலையை மட்டும்தான் பார்க்கணும் என்பது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம், அதைக் கெடுக்கவும் வேண்டாம். நான் கேட்பது வேற: ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் என்ன செய்யணும், குலுங்கும்போது ஏன் பெல்ட், அவசரமாக இறங்கச் சொன்னால் பையை விட்டுட்டு இறங்கணும்.

கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிக்கணும். 2016 ஆகஸ்ட் 3-ல் திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் ஓடுபாதையில் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்த 300 பேரும் தப்பிச்சாங்க. தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர்தான் உயிரிழந்தார். உள்ளே எடுத்த வீடியோவில், புகைக்கு நடுவே மேலே கையை நீட்டிப் பை எடுப்பவர்களைப் பார்க்கலாம். மொழிதான் காரணம்னு நான் சொல்லலை. எல்லா நாட்டுக்காரர்களும் பையை எடுக்கத்தான் செய்றாங்க. ஆனால் பதற்றத்தில் மூளை முதலில் பிடிப்பது தாய்மொழியைத்தான் என்று நம்புகிறேன். "பையை விடு, வெளியே ஓடு" என்பதைப் புரிஞ்சுக்க யாருக்கும் ரெண்டாவது விநாடி தேவையில்லை.

"எல்லா விமானத்துக்கும் தமிழ் தெரிஞ்ச ஆளை எங்கே தேடுறது? காலையில் மதுரை வர்ற விமானம் ராத்திரி பாட்னா போகும்" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் ஏ320-க்குள்ளேயே இருக்கு. பதிவு செய்த அறிவிப்புகளையும் இசையையும் ஒலிக்கவிடும் வசதி அந்த விமானத்துக்கு உண்டு. முன்கதவுப் பக்கம் இருக்கும் பணியாளர் பேனலில் தேர்வு செய்தால் போதும். மதுரைக்குத் தமிழ், பாட்னாவுக்கு இந்தி, கொல்கத்தாவுக்கு வங்காளம். பேசும் ஆளின் ஊர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

விமான நிலையங்களில் இது ஏற்கெனவே யோசிச்ச விஷயம்தான். 2018 டிசம்பரில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், அறிவிப்புகளை முதலில் உள்ளூர் மொழியில், அப்புறம் இந்தியில், பிறகு ஆங்கிலத்தில் கொடுக்கச் சொன்னது. அந்த உத்தரவு விமானத்தின் கதவு வரைக்கும் வந்து நின்னுடுச்சு. உள்ளே தமிழ் கேட்குமா என்பது இன்னிக்கு யாருக்கு டியூட்டி விழுந்திருக்கு என்பதைப் பொறுத்தது.

பயணம் முடிஞ்சதும் விமான நிறுவனங்கள் ரேட்டிங் கேட்டு லிங்க் அனுப்புவாங்க. நாமும் அஞ்சு ஸ்டாரைத் தட்டிட்டு மூடிடுவோம். அடுத்த தடவை கீழே இருக்கும் கமென்ட் பாக்ஸில் ஒரு வரி எழுதுங்க: பாதுகாப்பு அறிவிப்பு தமிழில் வந்ததா, இல்லையா. ஃபிளைட் நம்பரையும் சேர்த்து.