அஞ்சும் நாய்க்கு எது மருந்து?

தீபாவளிக்கு முந்திய இரவில் போர்ட் கிள்ளானிலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் பட்டாசு ஒலி நெடுநேரம் கேட்கும். சீனப் புத்தாண்டிலும் அப்படித்தான். நமக்கு அது திருநாளின் ஒலி. ஆனால், அதே நேரத்தில் பல வீடுகளில் வளர்ப்பு நாய் மேசைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும். அதற்கு மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், பிடித்த உணவைக்கூட அது தொடாது. சில நாய்கள் கட்டிய சங்கிலியை அறுத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி ஓடிவிடும். கொள்கலன் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடும் துறைமுக நகரம் இது. மிரண்டு சாலைக்கு ஓடிய நாய் உயிரோடு வீடு திரும்பும் என்று யாராலும் உறுதி கூற இயலாது.

இந்த அச்சத்தைத் தணிக்கப் பலர் 'இயற்கை மருந்து' என்னும் பெயரில் விற்கப்படும் பொருள்களை நாடுகின்றனர். செல்லப்பிராணிக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் லவெண்டர் எண்ணெய், சீமைச் சாமந்திச் சாறு, மூலிகை மாத்திரை, மூலிகை பிஸ்கட் எனப் பல வகை கிடைக்கின்றன. நாயின்மேல் அன்பு கொண்டவர்களே இவற்றை வாங்குகிறார்கள். அந்த அன்பைக் குறை கூற இயலாது. எனினும், 'இயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி ஒரு பொருளை வாங்குவது அறிவுடைமை ஆகாது என்பதே என் கருத்து. அஞ்சிய நாய்க்கு உண்மையில் உதவும் இயற்கை வழிகள் உள்ளன. ஆனால், அவற்றுள் சிறந்தவை புட்டியில் அடைத்து விற்கப்படுவன அல்ல.

முதலில், நாய் ஏன் அஞ்சுகிறது என்பதை அறிவோம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்குக் கேட்காத பல ஒலிகள் அதற்குக் கேட்கும். மேலும், பட்டாசு எப்போது வெடிக்கும், எந்தப் பக்கத்திலிருந்து வெடிக்கும், எப்போது ஓயும் என்பது நாய்க்குத் தெரியாது. இன்று திருநாள் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. இடியும் அவ்வாறே. உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. ஆகவே, ஒலிக்கு அஞ்சும் நாய் இங்கே ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் துன்பப்படுவதில்லை; இடியோடு மழை பெய்யும் ஒவ்வொரு மாலையும் துன்பப்படுகிறது. அது வேண்டுமென்றே அடம் பிடிப்பதாக எண்ணி அதட்டினாலும் அடித்தாலும் அச்சம் மேலும் பெருகும்.

இயற்கைப் பொருள்களைப் பற்றிய ஆய்வுகள் இல்லாமல் இல்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகமொன்றில் இருந்த 55 நாய்களிடம் வெவ்வேறு நறுமணங்களைச் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். லவெண்டர் மணமோ சீமைச் சாமந்தி மணமோ பரவியபோது நாய்கள் கூடுதல் நேரம் ஓய்வெடுத்தன, குறைவாகக் குரைத்தன. ரோஸ்மேரி மணமும் புதினா வகை மணமும் இதற்கு நேர்மாறாக, நாய்களின் நடமாட்டத்தையும் குரைப்பையும் கூட்டின. இந்த ஆய்விலிருந்து இரண்டு செய்திகளை அறிகிறோம். ஒன்று, எல்லா நறுமணமும் நாயை அமைதிப்படுத்துவதில்லை. மற்றொன்று, இது காப்பகத்தின் அன்றாடச் சூழலில் நடந்த சோதனை. வெடிச்சத்தத்தின் நடுவிலும் அதே பயன் கிடைக்கும் என்று கூற இது போதிய சான்றாகாது.

வெடிச்சத்தத்தைப் பற்றியே நேரடியாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெபானி ரீமர். அவர் நாய் வளர்ப்போர் 1,225 பேரிடம் கேட்டறிந்து, 2020-இல் தம் ஆய்வை வெளியிட்டார். மூலிகைப் பொருள்கள், நறுமண எண்ணெய்கள், மலர்ச்சாறுகள் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களுள் 27 முதல் 35 விழுக்காட்டினரே அவை பயன் தந்ததாகக் கூறினர். ஆனால், வெடிச்சத்தம் கேட்டவுடன் நாய்க்குப் பிடித்த உணவைக் கொடுத்தவர்களிலும் அதனுடன் விளையாடியவர்களிலும் 70 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் அதனால் பயன் கண்டனர். நாயை அமைதியாகப் படுத்திருக்கப் பழக்கியவர்களுள் 69 விழுக்காட்டினர் பயன் கண்டனர். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் அதே 69 விழுக்காடுதான்.

இது நாய் வளர்ப்போர் கூறியதைத் தொகுத்த ஆய்வு. ஆகவே, இதையே முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், மூலிகைப் பொருளால் பயன் கண்டதாகச் சிலர் சொல்வது ஏன் என்பதையும் சிந்திக்க வேண்டும். 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை' என்பார்கள். இரவு பத்து மணிக்கு நாய்க்கு மூலிகை பிஸ்கட் கொடுக்கிறோம். பதினொரு மணிக்குப் பட்டாசு ஓய்கிறது, நாயும் அடங்குகிறது. உடனே, பிஸ்கட்தான் வேலை செய்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அன்று பிஸ்கட் கொடுக்காமல் இருந்திருந்தாலும் நாய் அடங்கியிருக்கக்கூடும். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் மட்டும் முந்தியது பிந்தியதற்குக் காரணம் ஆகிவிடாது.

பயன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே என்று சிலர் கேட்கலாம். தீங்கும் உண்டு. அரளிச் செடி இயற்கையானதுதான். அதை யாரும் உண்பதில்லை. வெங்காயமும் திராட்சையும் நமக்கு உணவு, நாய்க்கு நஞ்சு. தேயிலை மர எண்ணெய் என்பது ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் இயற்கை எண்ணெய். அதை நாயின் தோலில் அப்படியே தடவினால் நடுக்கமும் தளர்ச்சியும் உண்டாகும். லவெண்டர் எண்ணெயையும் நாய் நக்கிவிட்டால் அதற்கு வாந்தி வரலாம். நாயின் மோப்பத் திறன் நம்மைவிடப் பல்லாயிரம் மடங்கு கூர்மையானது. நமக்கு இதமாகத் தோன்றும் மணம், மூடிய அறையில் அதற்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். வெளுத்ததெல்லாம் பால் அல்ல. இயற்கை என்று பெயரிட்டதெல்லாம் நலம் தருவதும் அல்ல.

அப்படியானால், என்ன செய்யலாம்? திருநாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கலாம். பதிவு செய்த பட்டாசு ஒலியை மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, அப்போதெல்லாம் நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தைத் தர வேண்டும். நாய் அஞ்சாத அளவிலேயே ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். திருநாளன்று பொழுது சாயும் முன்பே அதை நடைக்கு அழைத்துச் சென்று வர வேண்டும். இருட்டியதும் சங்கிலியை அவிழ்த்து வீட்டுக்குள் விட வேண்டும். வாசலில் கட்டிப் போடப்பட்ட நாய் எங்கே போய் ஒளியும்? கதவையும் சன்னலையும் அடைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறியைச் சுழலவிடலாம். வானொலியில் மின்னல் பண்பலையை மிதமாக ஒலிக்கவிட்டால் வெளிச்சத்தம் ஓரளவு மங்கும். கழுத்துப் பட்டையில் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பொறித்துவைத்தால், ஓடிப்போன நாயைக் கண்டெடுத்தவர் நம்மை அழைக்க முடியும்.

எல்லாவற்றையும்விட, வீட்டில் ஒருவர் அதன் அருகில் இருக்க வேண்டும். அஞ்சிய நாயைத் தடவிக் கொடுத்தால் அதன் அச்சம் பழக்கமாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. அச்சம் என்பது பரிசு பெறுவதற்காகச் செய்யும் செயல் அன்று. அது தானாகத் தோன்றும் உணர்வு. ஆகவே, தன்னை நாடி வரும் நாயை அணைத்துக்கொள்வதில் தவறே இல்லை. அது தனியே ஒளிந்துகொள்ள விரும்பினால், வலிந்து வெளியே இழுக்கவும் கூடாது.

இவ்வளவு செய்தும் சில நாய்களின் அச்சம் தணியாது. அவற்றைத் திருநாளுக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் தரும் மருந்து 'செயற்கை' என்பதால் அதை ஒதுக்குவதும், கடையில் விற்கும் சாறு 'இயற்கை' என்பதால் அதை ஏற்பதும் ஒரே வகைப் பிழைதான். மனிதர் உண்ணும் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் விலங்கை வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பதை அதன் உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. எனவே, இது இரக்கம் உள்ளவர் மட்டும் செய்யும் உதவி அன்று.

நாய் வளர்ப்போருக்கு மட்டும்தான் இந்தக் கடமையா? வெடி வெடிப்பவர்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், அங்கு வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நேப்பாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திகார் திருவிழாவின் இரண்டாம் நாள் நாய்களுக்கு உரியது. அன்று நாய்களுக்குத் திலகமிட்டு, மாலை சூட்டி, உணவளிக்கிறார்கள்.

பட்டாசு இல்லாத தீபாவளி தீபாவளியா என்று கேட்போரும் உண்டு. திருநாளின் மகிழ்ச்சியை விட்டுவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. கம்பி மத்தாப்பு ஓசையின்றி ஒளி தரும். சிறு பிள்ளைகளும் விரும்புவது அதைத்தான். பெருஞ்சத்தம் எழுப்பும் வெடிகளைத் தவிர்க்கலாம். எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிப்போம் என்பதை அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். இதனால் நாய்கள் மட்டுமல்ல, கைக்குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் மறுநாள் அதிகாலையில் வேலைக்குச் செல்வோரும் பயன் பெறுவர். பல இனத்தவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நம் நாட்டில் இது நல்ல அண்டை வீட்டாருக்கு அழகுமாகும்.

அஞ்சும் நாய்க்கு வேண்டியவை அடைத்த அறை, பிடித்த உணவு, பொறுமையான பயிற்சி, அருகில் நம்பிக்கைக்குரிய ஒருவர். இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நம் நேரத்தைக் கொடுத்தால்தான் கிடைக்கும். புட்டியை வாங்குவது எளிது, உடனிருப்பதுதான் கடினம். அடுத்த தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பயிற்சியை இன்றே தொடங்கலாம்.